ஆறு பேருக்கும் அப்பா விவசாயி

இன்று காலை சத்தியவேடு பஸ்ஸில் என் பழைய மாணவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இந்த வருடம்தான் இன்டர், அதாவது பன்னிரண்டாவது, முடித்தாள். நான் அவளுக்கு இங்கிலீஷ் டீச்சர்.

கம்பெனி இன்டர்வியூ என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"வேல வர்ல டீச்சர். நம்ம ஸ்கூல்லேர்ந்து போன ஆறு பொண்ணுங்களுக்குமே வர்ல."

பிள்ளைகள் தடுமாறக் கூடாதென்று சுய அறிமுகத்தை இங்கிலீஷில் ஒரு பத்தியாக எழுதிக் கொடுத்து, தினமும் ஒப்பிக்க வைத்தவள் நான். அதில் அப்பா விவசாயி. பொழுதுபோக்கு புத்தகம் படிப்பது.

"அதயேதான் சொன்னேன் டீச்சர். ஒங்கப்பா என்னா பயிர் வெச்சிகிறாருன்னு கேட்டாங்க. நெல்லுன்னு சொல்லிட்டேன்."

அவள் அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். அது எனக்கே தெரியும்.

"பின்னாடி போனவங்களும் அதயே சொன்னாங்க. நாலாவது பொண்ணு வாயத் தொறக்கறதுக்குள்ள, ஒங்கப்பாவும் விவசாயியான்னு கேட்டு சிரிச்சிக்கினு இருந்தாங்க."

"நைனா ஆட்டோ ஓட்டுறாருன்னு சொல்ல வேண்டியதுதானே?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"ஒரு வார்த்த மாத்தினாலும் மொதல்லேர்ந்து சொல்லச் சொல்லுவீங்களே டீச்சர்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் சந்தேகம் கேட்பதுபோல் கேட்டாள்.

பள்ளிக்கூடம் வந்தேன். இந்த வருடப் பிள்ளைகள் எழுந்து நின்று ஒரே குரலில் ஒப்பித்தார்கள். எல்லாருடைய அப்பாவும் விவசாயி. நான் நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்திவிட்டு வேறு என்ன சொல்லித்தருவது என்று எனக்குத் தெரியவில்லை.

உங்களிடம் இதைவிட நல்ல பத்தி இருந்தால் அனுப்புங்கள். மனப்பாடம் செய்ய வைத்துவிடுகிறேன்.