கல்லூரி மைதானத்தின் மேற்கு மூலையும் எங்கள் அண்ணனும்

எங்கள் அண்ணன் அவர்கள் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், வீட்டுக்கு வந்திருக்கும் உறவினர்கள், நண்பர்கள் கையில் இந்தச் சிறு நினைவு மலரைக் கொடுக்கிறோம். இதை எழுதும் பொறுப்பை அண்ணியும் சித்தப்பாவும் என்னிடம் விட்டார்கள். "ஒனக்குத்தானே படிப்பு உண்டு, நீயே எழுது மக்கா" என்றார்கள் சித்தப்பா. அந்தப் படிப்பு எனக்கு எப்படி வந்தது என்று சொல்லாமல் அண்ணனைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. ஆகவே இதில் என் கதையும் கலந்து வரும். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பிறந்தது இராஜாக்கமங்கலத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டிய தென்னந்தோப்பில். நாங்கள் அய்யா வழிக் குடும்பம், ஆண்கள் தலைப்பாகை கட்டித்தான் கும்பிடுவார்கள். அப்பா காலமானபோது அண்ணனுக்குப் பதினொரு வயது, எனக்கு ஏழு. தோப்பை மாமா பொறுப்பில் விட்டுவிட்டு, அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு நாகர்கோவில் கோட்டாற்றுக்கு வந்துவிட்டார்கள். சித்தப்பாவின் கயிற்றுக்கடைக்குப் பின்னால் இருந்த வீட்டில்தான் நாங்கள் வளர்ந்தோம். அண்ணன் சின்ன வயதிலேயே அடக்கமானவர். ஏதாவது கேட்டால் உடனே பதில் வராது. காதுமடலைத் தடவிக்கொண்டு நிற்பார். கேட்டவருக்கே பொறுமை போய்விடும். எனக்கோ கேட்கும் முன்னாலேயே பதில் வந்துவிடும். இவனிடம் உள்ளதில் பாதி இவளுக்கும், இவளிடம் உள்ளதில் பாதி இவனுக்கும் இருந்திருக்கலாம் என்று அம்மா அங்கலாய்ப்பார்கள்.

நாகர்கோவிலில் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் அண்ணனுக்கு அந்த ஆட்டப் பைத்தியம் பிடித்தது. அங்கே ரசாயனம் கற்பிக்க அமெரிக்காவிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். அவர் பெட்டியில் புத்தகங்களைவிட மட்டைகளும் தோல் கையுறைகளும்தான் அதிகம் என்று சொல்வார்கள். பேஸ்பால் என்றால் என்னவென்று இதைப் படிப்பவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கும் அண்ணன் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் புளியங்கொட்டைகளை அடுக்கிக் காட்டித்தான் தெரியும். கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பந்தை எறிவார், ஒருவர் உருண்டை மட்டையால் அடித்துவிட்டு நான்கு மூலையும் சுற்றி ஓடி வருவார். அடிப்பவருக்குப் பின்னால், முகத்தில் கம்பிக்கூடு மாட்டி, கையில் தடித்த தோலுறை போட்டு ஒருவர் குந்தி இருந்து பந்தைப் பிடிப்பார். அவர்தான் எங்கள் அண்ணன்.

"குத்தவச்சு இருக்கதுக்கா மக்கா காலேஜுக்குப் போறே? அத வீட்டுலயே இருந்து செய்யலாமே" என்று அம்மா கேட்பார்கள். அண்ணன் சிரிப்பாரே தவிரப் பேச மாட்டார்.

ஆட்டக்காரர் எல்லாருக்கும் தொப்பி வந்தபோது மட்டும் பேசினார். "எங்க பாட்டன் காலத்துல எங்க ஆளுவ தலையில துணி கட்டப்படாதுன்னு இருந்துது சார். நான் தலைப்பாகையோடதான் ஆடுவேன்" என்றார். பேராசிரியர் கம்பிக்கூட்டின் வாரைத் தலைப்பாகைக்குத் தக்கபடி நீளமாகத் தைத்துக் கொடுத்தாராம்.

அந்த மைதானத்தை யாரும் அவர்களுக்குச் சும்மா கொடுக்கவில்லை. கல்லூரிக் கட்டிடத்துக்கு மேற்கே முள்ளும் பள்ளமுமாகக் கிடந்த இடத்தில், அண்ணனும் கூட்டாளிகளும் ஒரு கோடை முழுவதும் குளத்து மண் சுமந்து கொட்டி நிரப்பினார்கள். அவர்களில் முக்கியமானவர் பீர் முகமது அண்ணன். எங்கள் கடைக்கு அடுத்த மளிகைக்கடைக்காரர் மகன். பந்து எறிபவர் அவர்தான். எறிபவரும் பிடிப்பவரும் ஒருவருக்கொருவர் கண்ணாலேயே பேசிக்கொள்ள வேண்டுமாம். இவர்கள் கடைவீதியிலும் அப்படித்தான் பேசினார்கள். பீர் அண்ணன் வந்து வாசலில் நின்று புருவத்தைத் தூக்கினால், எங்கள் அண்ணன் கைகழுவி எழுந்துவிடுவார்.

தென்பக்கத்தில் இந்த ஆட்டம் ஆடிய கல்லூரிகள் மூன்றே மூன்று. அதில் ஒன்று டென்னிஸ் வந்ததும் இதைக் கைவிட்டது. மதுரைப் பக்கத்துக் கல்லூரி ஆண்டுக்கு ஒருமுறை ரயிலும் பஸ்ஸும் மாறி இங்கே வந்து, எங்கள் பிள்ளைகளைத் தோற்கடித்துவிட்டுப் போகும். அண்ணன் கேப்டனாக இருந்த ஆண்டு அங்கிருந்து கடிதம் வந்தது. மாசி மாதம் வந்து ஆடுகிறோம், அதுவே கடைசி, அதற்குப் பிறகு எங்கள் கல்லூரியில் இந்த ஆட்டம் இல்லை என்று எழுதியிருந்தார்கள். அமெரிக்கப் பேராசிரியரும் அதற்குள் ஊர் திரும்பிவிட்டார். ஒரே ஒருமுறையாவது ஜெயிக்க வேண்டும் என்றால் அந்த மாசி ஆட்டம் ஒன்றுதான் மீதி. அண்ணனின் முட்டி இரண்டும் காய்த்துப்போகும் அளவுக்குப் பயிற்சி நடந்தது. இந்தத் தடவை பீர் எறியும் பந்தை யாராலும் தொட முடியாது என்று, பேசாத அண்ணனே வீட்டில் பேசினார்.

அதே ஆண்டில்தான் நான் பள்ளி இறுதி தேறிவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். பெண்களுக்கான கல்லூரி திருவனந்தபுரத்தில் இருந்தது. அவ்வளவு தூரம் அனுப்ப அம்மாவுக்கு மனமில்லை. உள்ளூர்க் கல்லூரியில் பெண்களைச் சேர்ப்பதில்லை. சேர்க்கக் கூடாது என்று வெள்ளைக்காரரான பிரின்ஸிபால் துரை நினைக்கவில்லை. அவர் நல்ல மனிதர். அந்நாளைய வழக்கம் அப்படி. பெண்பிள்ளைகள் ஆண்களோடு வராந்தாவில் நிற்கக் கூடாது. அவர்களுக்கென்று தனி அறை வேண்டும். மணி அடித்து, பேராசிரியர் அந்த அறையைத் தாண்டிப் போகும்போது அவர் பின்னால் வரிசையாக வகுப்புக்குள் போக வேண்டும், வகுப்பு முடிந்ததும் அவர் பின்னாலேயே திரும்பி வர வேண்டும். அறை இல்லையென்றால் அனுமதி இல்லை.

தை மாதத்தில் ஒருநாள் துரை அண்ணனை அழைத்தார். பங்குனியில் பல்கலைக்கழகத்தார் பார்வையிட வருகிறார்கள், அதற்குள் அறை எழுந்து நின்றால் வருகிற ஆண்டு பெண்களைச் சேர்க்கலாம், இல்லையென்றால் இன்னும் எத்தனை ஆண்டு ஆகுமோ தெரியாது என்றார். வகுப்புகளை ஒட்டிய இடம் மைதானத்தின் மேற்கு மூலை ஒன்றுதான். அதுதான் மட்டைக்காரர் நிற்கும் மூலை, அண்ணன் குந்தி இருக்கும் மூலை. எதிர்ப்பக்கம் குளம் இருந்ததால் ஆட்டத்தைத் திருப்பிப் போடவும் வழியில்லை. "நீங்கள் மண் சுமந்து உண்டாக்கிய இடம். கேப்டன் கையெழுத்து இல்லாமல் நான் ஒரு கல்லும் வைக்க மாட்டேன்" என்று துரை சொன்னாராம். ஒரு மாதம் பொறுக்க முடியாதா என்று அண்ணன் கேட்டிருக்கிறார். பொறுத்தால் பங்குனிக்குள் கூரை ஏறாது என்று பதில் வந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் அண்ணன் கிணற்றடியில் வந்து உட்கார்ந்தார். நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். எனக்கு அந்த அறை வேண்டும். சோறு வேண்டாம், துணி வேண்டாம், அந்த அறை வேண்டும். ஆனால் அண்ணனின் முகத்தைப் பார்த்தேன்.

"எனக்கு ஒண்ணும் படிக்காண்டாம் அண்ணே. படிச்சது போதும். நீங்க மாசியில ஆடுங்க" என்றேன்.

அண்ணன் காதுமடலைத் தடவினார்.

"நெசமாத்தான் சொல்லுகியா?"

"நெசமாத்தான்."

"சரி, கேட்டாச்சு" என்று எழுந்து, ஒரு வாளி தண்ணீர் இறைத்து என் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனார். மறுநாள் காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். கூட்டாளிகள் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார்கள், வேண்டாம் என்ற பிறகு போட்டால் அது இன்னும் மோசம் என்று நினைத்திருக்கிறார். அது தப்புத்தான். அண்ணனைப் பற்றி எழுதும்போது நல்லதை மட்டும் எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.

செய்தி கேட்டு பீர் அண்ணன் கடைக்கு வந்தார். வாடிக்கைக்காரர் நாலு பேர் நின்றிருந்தார்கள்.

"தங்கச்சிக்காவ எங்க எட்டுப் பேரையும் வித்துட்டியேலே" என்றார்.

சித்தப்பா அவரைத் தடுக்க எழுந்தார்கள். அண்ணன் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். பீர் அண்ணன் அழுதுகொண்டே போனதைக் கதவிடுக்கு வழியாக நான் பார்த்தேன். அதன் பிறகு அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அடுத்தடுத்த கடை, ஒரே வீதி. ஒருவர் எதிரே வந்தால் மற்றவர் வீதியின் மறுபக்கம் போய்விடுவார். மதுரைக்காரர்கள் வரவில்லை. கல்லூரி அறிக்கையில் இனி பேஸ்பால் ஆட்டம் இல்லை என்று ஒரு வரி போட்டார்கள். மட்டைகளையும் கையுறைகளையும் எங்கே வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.

பங்குனியில் கூரை ஏறியது. ஜூன் மாதம் நாங்கள் மூன்று பெண்கள் சேர்ந்தோம். முதல் நாள், சுண்ணாம்பு மணம் மாறாத அந்த அறையிலிருந்து கிளம்பி, பேராசிரியர் பின்னால் தாய்க்கோழியைத் தொடரும் குஞ்சுகளைப் போல நடந்தோம். வராந்தாவில் பழைய ஆட்டக்காரர்கள் நாலைந்து பேர் நின்றார்கள். கேலி செய்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவர்கள் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள். வீட்டுக்கு வந்து, இனிப் போக மாட்டேன் என்று ஒரே அழுகை.

அண்ணன் என் முன்னால் வந்து குந்தி உட்கார்ந்தார். "ஏட்டி, நான் குடுத்தது குடுத்தாச்சு. நீ போவல்லன்னா ஆட்டமும் இல்ல, படிப்பும் இல்ல. பின்ன நான் என்னத்துக்குக் குடுத்தேன்? சொல்லு பாப்போம்" என்றார். அவர் என்னிடம் அவ்வளவு கண்டிப்பாகப் பேசியது அதுதான் முதல் தடவை. மறுநாள் போனேன். அதற்கு மறுநாளும் போனேன்.

அண்ணன் பி.ஏ. தேறி, நீர்ப்பாசன இலாகாவில் வேலை கிடைத்துத் தோவாளையில் குடியேறினார். குளத்து மடை திறப்பதில் யாருக்கும் பாரபட்சம் பார்க்க மாட்டார். கடைமடை வயல்காரர் தண்ணீர் இல்லை என்று வந்தால், வெயிலென்றும் பாராமல் கூடவே நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருவார். அண்ணியை மணந்த பிறகு சிரிப்புக் கொஞ்சம் கூடியது. அண்ணிக்கு அந்தப் பெருமை உண்டு. நான் ஆசிரியையாகி முதல் நாள் பள்ளிக்குப் போனபோது, பிச்சிப்பூப் பொட்டலத்தோடு தோவாளையிலிருந்து விடியற்காலையில் வந்து நின்றார். "சும்மாதான், இந்தப் பக்கம் ஒரு சோலி" என்றார். ஒரு சோலியும் கிடையாது என்று அண்ணி பிறகு சொன்னார்கள். பேஸ்பால் என்ற வார்த்தையை மட்டும் அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை.

சென்ற ஆண்டு அண்ணனுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. மூன்று வாரம் இறங்கவே இல்லை. ஒருநாள் மதியம் தோவாளை வீட்டு வாசலில் வண்டி வந்து நின்றது. இறங்கியவர் பீர் அண்ணன். தாடி வைத்திருந்தார். கட்டில் பக்கம் வந்து நின்றார்.

"வந்தியாலே" என்றார் அண்ணன்.

பீர் அண்ணன் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தார். கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எனக்க மூத்தவ நாலாங்கிளாஸ் படிக்கா. நல்லாப் படிக்கான்னு டீச்சரம்மா சொல்லுகா. எங்க வாப்பா, போதும் நிறுத்துன்னு நிக்காரு. நான் படிக்கட்டும்னு சொல்லிட்டேன். நாளைக்கு அவ காலேஜுக்குப் போனா இருக்கதுக்கு அங்கன ஒரு ரூமு உண்டும்லா."

"உண்டு" என்றார் அண்ணன். "மேக்க ஜன்னல். காத்து நல்லா வரும்."

"அவளுக்கு ஒனக்க வீச்சு உண்டா மக்கா?" என்று கேட்டார்.

"கோவம் வந்தா செம்ப எடுத்து வீசுவா" என்று சொல்லிவிட்டு பீர் அண்ணன் அண்ணனின் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். அண்ணன் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க அண்ணியையும் அம்மாவையும் நான் ஓடிப்போய்க் கூட்டி வந்தேன். அதற்குப் பின் ஐந்து நாள்தான் அண்ணன் எங்களோடு இருந்தார். பீர் அண்ணன் தினமும் வந்தார். கடைசி யாத்திரையில் முதல் ஆளாகத் தோள் கொடுத்தவரும் அவர்தான்.

அண்ணனின் நோய்க்காலத்தில் வேளை தவறாமல் வந்து பார்த்த வைத்தியருக்கும், காசு வாங்காமல் பூ அனுப்பிய தோவாளைப் பூக்காரிகளுக்கும், கடைமடையிலிருந்து நடந்தே வந்த வயல்காரர்களுக்கும், எங்களைத் தாங்கி நின்ற சித்தப்பா குடும்பத்தாருக்கும், பீர் அண்ணனுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

இந்தப் பட்டியலின் கடைசியில் அண்ணனையும் சேர்த்திருந்தேன். படித்துப் பார்த்த சித்தப்பா, "சொந்த அண்ணனுக்கு யாராவது நன்றி சொல்லுவாங்களா மக்கா? நம்ம பக்கம் அப்படி வழக்கம் இல்லியே" என்றார்கள். வழக்கம் இல்லைதான். அதனாலேயே அவர் இருந்த காலத்தில் ஒருமுறைகூடச் சொல்லாமல் விட்டேன். இனி என்னால் விட முடியாது.

அண்ணே, அன்றைக்குக் கிணற்றடியில் நான் சொன்னது பொய். நீங்கள் அதை நம்பாமல் போனதற்கு நன்றி.