உச்சம் போன குரல்

விளாத்திகுளம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மதினி மெதுவாகக் குரலை ஏற்றிப் பார்த்ததுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. வெளியே மழை காணாத கரிசல் வெடித்துக் கிடந்தது. மேல் ஸ்தாயிக்குப் போகும் இடத்தில் குரல் வெறும் காற்றாகிவிட்டது. இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முயன்றார். அதே இடத்தில் அதே காற்று.

மதினி என் அண்ணன் மனைவி. கோவில்பட்டி மெல்லிசைக் குழு ஒன்றில் அவர் பாடகி, நான் கீபோர்டு. ஊர்க் கோயில்களின் கொடை விழா மேடைகளில், "மூன்று ஸ்தாயியிலும் பாடும் குரல்" என்றுதான் குழுவை நடத்தும் மாஸ்டர் அவரை அறிவிப்பார். அடிக்குரலில் தொடங்கி ஒரே மூச்சில் உச்சிக்கு ஏறுவார், விசில் பறக்கும். அந்த விசிலுக்காகவே, பாட்டுக்குத் தேவையில்லாத இடத்திலும் ஏறுவார். அதுதான் நல்ல பாட்டு என்று நாங்கள் எல்லோருமே நம்பியிருந்தோம்.

பிறகு கழுத்தில் தைராய்டு கட்டி வந்து ஆபரேஷன் ஆனது. பேச்சு திரும்பியது, நடுக்குரல் திரும்பியது, உச்சம் மட்டும் திரும்பவில்லை. ஆவி பிடித்தார், அதிமதுரம் சுவைத்தார், கோயில் கோயிலாக நேர்ந்துகொண்டார். யாருக்கும் கேட்கக்கூடாதென்று மிக்ஸியை வெறுமனே ஓடவிட்டு, அந்த இரைச்சலுக்குள் பாடிப் பார்ப்பார். மிக்ஸி நிற்கும்போது அழுகைதான் கேட்கும்.

பஸ்ஸில் போன அன்று, கொடைக்கு மாஸ்டர் புதிதாக ஒரு பெண்ணையும் வரச் சொல்லியிருந்தார். மேடைக்குப் பின்னால் மதினியிடம், "நீங்க கோரஸ் மட்டும் பாடுங்கம்மா, போதும்" என்றார். மதினி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "ஒரே ஒரு பாட்டு, மாஸ்டர்." அவர் அரைமனதாகத் தலையசைத்ததும் என்னிடம் வந்து, "ஸ்கேலை இறக்கிருங்க தம்பி. இருக்கதை வச்சுப் பாடுதேன்" என்றார்.

பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் பாட்டு அது. வழக்கமாக அதன் கடைசியில் மதினி ஏறும் ஏற்றத்தில் துக்கமே காணாமல் போய்விடும். அன்று ஏற வழியில்லை. ஐந்தாறு ஸ்வரங்களுக்குள்ளேயே, வெளியேறத் தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தது குரல். அத்தனை வருடம் வாசித்த பாட்டின் சொற்களை அன்றுதான் நான் கேட்டேன். முன்வரிசைப் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். முடிந்தபோது யாருக்கும் கைதட்டத் தோன்றவில்லை. மாஸ்டர் சட்டென்று மைக்கைப் புதுப்பெண்ணிடம் கொடுத்தார். அவள் உச்சிக்குப் போனாள். விசில் பறந்தது.

"ஒரு கைதட்டுகூட விழலயே தம்பி."

"பொம்பளையெல்லாம் அழுதாவ மதினி."

"என் கதியப் பார்த்துப் பாவப்பட்டிருப்பாவ."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். நான் தேற்றுவதாகவே நினைத்தார். அதன்பின் அவர் மேடை ஏறவில்லை. மிக்ஸியும் சட்னிக்கு மட்டும்தான் ஓடியது.

போன மாதம் கொடை நடந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் வீடு தேடி வந்தார். கதவைத் திறந்தது மதினி. மேடை அலங்காரம் இல்லாததால் அவருக்கு ஆள் தெரியவில்லை.

"போன கொடைக்குப் பாடுனாவளே, அவிய வீடு இதானாம்மா? இந்தத் தடவையும் அவியதான் வரணும்னு ஊர்ல பிரியப்படுதாவ."

"உச்சத்துல பாடுச்சே, அந்தப் பிள்ளையா?"

"அது இல்லம்மா. பிள்ளைய இழந்த பாட்டைப் பாடுனாவளே, அவிய."

மதினி கதவு நிலையைப் பற்றிக்கொண்டார். நான் எழுந்து போவதற்குள், "அவியளுக்குத் தொண்டை போயிட்டு அண்ணாச்சி. இனிமே பாட மாட்டாவ" என்றார்.

வந்தவர் அந்தக் குரலைக் கேட்டு நிமிர்ந்தார். மதினியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார்.