ஆல் இன் என்றால் எனக்குப் பயம்

மகன் என் போனில் போக்கர் ஆட்டத்தை ஏற்றிக் கொடுத்துவிட்டு பெங்களூருக்குக் கிளம்பியபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்த காலமெல்லாம் ஷிப்ட் முடிந்து ரம்மி ஆடியவன் நான். என்னிடமே ஒரு புது ஆட்டமா? ஆனால் கூட ஆடியவர்களில் ஒருவர் பெரம்பலூருக்கு மகள் வீட்டோடு போய்விட்டார். இன்னொருவர் போயே போய்விட்டார். மனைவியும் இல்லாத அரியலூர் வீட்டில் வீம்பு பிடித்து யாரிடம் காட்டுவது?

ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூப்பிடுவான். ஸ்பீக்கரில் பேசிக்கொண்டே ஆடுவோம். காசு கிடையாது, வெறும் டோக்கன்தான். டோக்கன் வைக்காமல் முறையைத் தள்ளிவிட்டால் 'செக்'. அவன் வைத்த அளவுக்கு நானும் வைத்தால் 'கால்', கூட்டி வைத்தால் 'ரெய்ஸ்'. ஒன்றுமில்லாத கையை வைத்துக்கொண்டு ராஜா மாதிரி கூட்டினால் 'பிளஃப்'. சரிப்பட்டு வராது என்று சீட்டைக் கீழே போட்டுவிட்டால் 'ஃபோல்ட்'. நம் ஊர் ரம்மியில் அதற்கு ஸ்கூட் என்று பெயர்.

எனக்கு ஆகாதது ஒன்றே ஒன்றுதான், 'ஆல் இன்'. இருக்கிற டோக்கன் மொத்தத்தையும் நடுவில் தள்ளுவது. அதற்கு நான் ஒத்துக்கொண்டால் பெரும்பாலும் யாராவது ஒருவர் காலி, ஆட்டம் முடிந்தது. "சரிப்பா, போன வச்சிரட்டா?" என்பான். அதன்பின் அடுத்த ஞாயிறு வரை என்னிடம் பேசுகிறவர் பால்காரர் மட்டும்தான். அதனால் அவன் ஆல் இன் என்றால் நான் ஃபோல்ட், என்ன சீட்டு வந்தாலும் சரி.

போன மாதம் மாட்டிக்கொண்டேன். ரம்மியில் ஒருவர் முடித்ததும் மற்றவர்கள் கையை விரித்துக் காட்டியாக வேண்டும், அப்போதுதான் புள்ளி போட முடியும். போக்கரில் ஃபோல்ட் செய்தவன் காட்ட வேண்டியதில்லை. ஆனால் திரையில் 'ஷோ' என்ற பொத்தானைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் அமுக்கிவிட்டேன். இரண்டு ஏஸ். போக்கரில் முதலில் கொடுக்கும் இரண்டு சீட்டில் அதைவிடப் பெரிய ஜோடி கிடையாது.

"என்னப்பா நீங்க! ரெண்டு ஏஸ வச்சிக்கிட்டா கீழ போட்டீங்க?"

"கண்ணு சரியாத் தெரியலடா."

"பொய் சொல்லாதீங்க."

உள்ளதைச் சொல்லிவிட்டேன். "ஆட்டம் முடிஞ்சா நீ வச்சிடுவல்ல."

"ஆட்டம் கெடக்கட்டும்பா. நான் வைக்கல. நீங்க பேசுங்க."

இதற்குத்தானே ஏங்கிக் கிடந்தேன். ஆனால் என்ன பேசுவது? சாப்பிட்டாயா என்று கேட்டேன். சாப்பிட்டானாம். மழை உண்டா என்று கேட்டான். இல்லை என்றேன். அவன் அம்மா இருந்தவரை அவள்தான் அவனோடு பேசுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அவனும் ஏதோ சொல்ல வந்து வந்து நிறுத்திக்கொண்டான். எங்கே வைத்துவிடுவானோ என்று எனக்குப் பதறியது.

"சரி, சீட்டப் போடுடா," என்றேன்.

உடனே போட்டான்.