பதினாறு மொழி நாட்டுக்காரி

மெல்போர்ன் மருத்துவமனை ஒன்றில் நான் நர்ஸ். அன்று ஒரு நோயாளியைச் சக்கர நாற்காலியில் அழைத்துப் போகும்போது லிஃப்ட் பாதியில் நின்றது. மின்விசிறியும் நின்றுபோனது. ஜிம்பாப்வேக்காரரான அந்த அம்மா பயந்துபோய்த் தன் மொழியில் கதற ஆரம்பித்தார். உடன் வந்த நர்ஸ் ரூத்தும் அதே நாடுதான்.

“உங்க நாட்டுக்காரங்கதானே, உங்க பாஷைல ஏதாவது சொல்லேன்!” என்று ஆங்கிலத்தில் கத்தினேன்.

“நான் பேசுறது ஷோனா, இவங்க பேசுறது டோங்கா. எங்க நாட்டுல ஆட்சிமொழியே பதினாறு” என்றபடி ரூத் தரையில் உட்கார்ந்து அவர் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. ‘இந்தியாவா? இந்தி தெரியாதா?’ என்று கேட்பவர்களிடம் பத்து வருடமாகச் சண்டை போடுகிறவள் நான்.

முக்கால் மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்த மெக்கானிக், என் முகத்தைப் பார்த்து அக்கறையோடு இந்தியில் ஏதோ கேட்டார். கோபப்பட எனக்கு அன்று யோக்கியதை இல்லை.