பார்த்துக்கறேன் என்றவர்

நீதிமன்றக் கட்டடத்தின் லிஃப்டில் நான்காவது முறையாக ஏறி இறங்கிவிட்டு, குனிந்து, லிஃப்டின் தரைக்கும் மாடித் தரைக்கும் உள்ள உயர வித்தியாசத்தை விரலால் அளக்கிறார் மெக்கானிக். இன்னும் கால் மணியில் அவர் சாட்சிக் கூண்டேற வேண்டும். "அரை விரல் ஏறி நிக்குது. பிரேக் தேய்ஞ்சிருக்கும்," என்கிறார். கேட்க ஆள் இல்லை என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

உட்காரத் தெரியாத மனிதர். பெஞ்சில் உட்கார வைத்தால் கால் ஆடும். காலை அடக்கினால் கை ஆடும். இருபத்தெட்டு வருஷத்தை லிஃப்ட் குழிகளில் கழித்தவர். போகிற வழியில் நாலு பேர் மடக்கிக் குறை சொல்வார்கள். நாலு பேருக்கும் ஒரே பதில்தான்: "பார்த்துக்கறேன்." அது வாக்கா, வணக்கமா என்று அவரே யோசித்ததில்லை. "நம்ம வீட்டுக் குழாய் ரெண்டு மாசமா ஒழுகுது. இவரும் பார்த்துக்கிட்டேதான் இருக்காரு," என்பார் மனைவி.

அந்த ஆறு மாடிக் கட்டடத்தோடு அவருடைய ஒப்பந்தம் முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. விட்டுப்போன எண்ணெய் டப்பாவை எடுக்கத்தான் அன்று போனார். மூன்றாவது மாடித் தையல்காரம்மா படியில் மறித்தார். "அண்ணே, லிஃப்டு நம்ம மாடியில ஒரு சாண் கீழயே நிக்குது." டப்பாவும் கையுமாக இறங்கிக்கொண்டே இவர் சொன்னார், "பார்த்துக்கறேம்மா." தெருமுனை திரும்புவதற்குள் மறந்தும் போனார். நாலாம் நாள், தைத்த துணி மூட்டையை நெஞ்சோடு அணைத்தபடி லிஃப்டிலிருந்து வெளியே வந்த அந்தம்மா தடுக்கி விழுந்து, வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கத்தரிக்கோல் பிடிக்கிற கை. நஷ்டஈடு கேட்டு மெக்கானிக் மேல் வழக்கும் போட்டார்.

"அண்ணே பார்த்துக்கறேன்னாரு. சரியாயிருக்கும்னு இருந்துட்டேன். வேற யார்கிட்டயும் சொல்லல," என்று கூண்டில் சொன்னார் அவர். குரலில் கோபமே இல்லை. அதுதான் மெக்கானிக்கைப் படுத்துகிறது.

மெக்கானிக்கின் வக்கீல் அவரை வராந்தா மூலைக்குத் தள்ளிக்கொண்டு போகிறார். "ரோட்டுல போறவன் குழியைப் பார்த்துட்டுச் சும்மா போனா சட்டம் கேக்காதுண்ணே. 'நான் மூடிடறேன்'னு சொல்லி, அடுத்தவங்களை நம்பி இருக்க வச்சாதான் பொறுப்பு. நீங்க 'பார்க்கலாம்'னுதான் சொன்னீங்க. புரியுதா? தீர்ப்பு எதிரா வந்தா அப்புறம் எந்தக் கட்டடத்துல உங்களை ஏத்துவாங்க?"

புரியாமல் என்ன! 'பார்க்கலாம்' என்றால் கைகழுவல். 'பார்த்துக்கறேன்' என்றால் சுமை என் தலையில். இரண்டுக்கும் நடுவே இவ்வளவு ஆழமான குழி இருப்பது, வாழ்நாளெல்லாம் குழிக்குள் இறங்கிய மனிதருக்கு இப்போதுதான் தெரிகிறது. பாவம், தொழிலை விட்டால் அவருக்கு வேறு எதுவும் தெரியாது.

கூண்டில் நின்று, கம்பியைச் சுரண்டிக்கொண்டே சொல்லியும் விட்டார்: "பார்க்கலாம்னு சொன்னேங்க." தட்டச்சு இயந்திரம் படபடத்தது. வயிற்றில் பால் வார்த்த மாதிரி வக்கீலின் முகத்தில் ஒரு நிம்மதி.

வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்லிக் காகிதத்தை நீட்டினார்கள். எதிர்ப் பெஞ்சில் தையல்காரம்மா, கழுத்தில் தொங்கிய மூக்குக் கண்ணாடியை இடது கையால் காதில் மாட்டப் பார்த்தார். மாட்ட வரவில்லை. பக்கத்திலிருந்த மகள் மாட்டிவிட்டாள்.

மெக்கானிக்கின் கால் ஆடுவது நின்றது. "அண்ணே, கீழே கையெழுத்து, அவ்வளவுதான்," என்று பல்லைக் கடித்தார் வக்கீல். மெக்கானிக் பேனாவை வாங்கி, கீழே போகாமல், நடு வரிக்கு வந்தார். 'பார்க்கலாம்' என்பதை ஒரே கோடாக அடித்தார். அதன் தலைக்கு மேல், இடம் போதாமல் எழுத்துகள் நெருக்கியடிக்க, 'பார்த்துக்கறேன்' என்று எழுதிப் பக்கத்திலேயே தன் கையெழுத்தையும் போட்டார்.