லைனுக்குப் பின்னால் ஒரு தங்கப் புதையல்

போன வாரம் எங்கள் லைனுக்குப் பின்னால் தங்கம் கிடைத்தது. கிடைத்தது என்று வாட்ச்மேன் ரங்கசாமி சத்தியமே செய்தார். அப்புறம் கேட்கவேண்டுமா... எங்கள் தங்கச் சுரங்க ஊரான ஊரிகம் முழுக்க இதே பேச்சு!

விஷயத்துக்கு வருமுன் ஓர் எச்சரிக்கை. வீட்டுக்குத் தூரமாகும் நாட்களைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதப்போகிறேன். "இதையெல்லாம் பத்திரிகையில் எழுதலாமா அம்மா?" என்று ஆசிரியர் கேட்பார். ஏன் எழுதக் கூடாது? வாசகர்களில் பாதிப் பேர் அந்தத் துணியைப் புதைக்கிறவர்கள். மீதிப் பாதி, தெரியாமல் அதன்மேல் நடக்கிறவர்கள்.

எங்கள் லைன் என்பது நீளமாக ஒரே கூரை, அதன் கீழே வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள். கடைசி வீடு என்னுடையது. மிஷன் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன் என்பதால் எல்லோருக்கும் நான் டீச்சரம்மா. பக்கத்து வீட்டில் முனியம்மா. அவள் கணவன் கோவிந்தன் தினமும் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஏறி, சுரங்க ஷாஃப்டுக்குள் இறங்கி வேலை செய்கிறவன்.

பழைய சேலையைக் கிழித்துத்தான் நாங்கள் எல்லோரும் பயன்படுத்துகிறோம். துவைத்துத் துவைத்து இழை விட்டுப்போன துணியை என்ன செய்வது? சாக்கடையில் போட்டால் ஏரிக்குப் போகும் — அந்த ஏரித் தண்ணீரை மாடும் குடிக்கிறது, மனிதரும் குடிக்கிறோம். அடுப்பில் போட்டால் அடிவயிறு எரியும் என்று ஒரு பயம். சும்மா எறிந்தால் நாய் இழுத்துக்கொண்டு போய்க் கோயில் வாசலில் வைக்கும். அதனால் எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு. துணியை நன்றாக அலசி, அடுப்புச் சாம்பலில் புரட்டி, சின்ன மூட்டையாகக் கட்டி, பின்னால் இருக்கும் காலி இடத்தில் புதைத்துவிடுவோம். நாய் கிளறாமல் இருக்க மேலே ஒரு கல். பருத்திதானே? நாலு மழை பெய்தால் மண்ணோடு மண்ணாகிவிடும்.

ஆண்கள் ஷிப்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து, முந்தானைக்குள் மறைத்து எடுத்துப் போய், இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் புதைப்போம்.

இதை இப்போது ஒரு வாட்ச்மேன் கண்ணால் பாருங்கள். தங்கக் கல் திருடுகிறவனும் அச்சாக இதையேதான் செய்வான்! கேஜிலிருந்து வெளியே வருகிறவர்களைத் தலைப்பாகையை அவிழ்க்கச் சொல்லி, வாயைத் திறக்கச் சொல்லிச் சோதனை போடுகிறது சுரங்கக் கம்பெனி. அதையும் தாண்டி வெளியே வரும் கல், துணியில் சுற்றி வீட்டுக்குப் பின்னால் மண்ணுக்குள் போகும். ரங்கசாமி கொஞ்ச நாளாகவே தூரத்தில் நின்று எங்களைக் கவனித்திருக்கிறார். வீட்டுக்கு வீடு முறை வைத்து, மாதம் தவறாமல், அத்தனை பெண்களும் மூட்டை புதைக்கிறார்கள்... இவ்வளவு ஒழுங்கான திருட்டுக் கும்பலைத் தன் சர்வீஸிலேயே பார்த்ததில்லை என்றாராம்.

சனிக்கிழமை மத்தியானம் கம்பெனிக் காவல் சார்ஜன்ட்டையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். சார்ஜன்ட் சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ-இந்தியர்; மதராஸில் பிறந்து வளர்ந்தவர், தமிழ் நம்மைப் போலவே பேசுவார். ஷிப்ட் முடிந்து ஆண்களும் திரும்பும் நேரம். லைனே திரண்டுவிட்டது.

"இன்னிக்குக் காலைல இந்தம்மாதான் சார் பொதச்சது. என் ரெண்டு கண்ணால பாத்தேன்!" என்று ரங்கசாமி நேராக முனியம்மாவைக் காட்டினார்.

திருட்டு என்று முடிவானால் கோவிந்தனுக்கு வேலை போகும், வீடு போகும், ஜெயிலும் உண்டு. வெறும் சந்தேகம் என்று பேர் விழுந்தாலே போதும், எந்த ஷாஃப்டிலும் சேர்க்கமாட்டார்கள். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு இவள் எங்கே போவாள்?

"என்னம்மா புதைச்சே?" என்றார் சார்ஜன்ட்.

முனியம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். மற்ற பெண்கள் எல்லோரும் திடீரென்று ஆகாயத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். இத்தனை ஆண்கள் முன்னால் எந்த வார்த்தையைச் சொல்வது?

கோவிந்தன் மட்டும் மெல்ல அவள் பக்கம் நகர்ந்தான். முகத்தில் பாதி பயம். மீதிப் பாதி — சொல்லவே வெட்கமாக இருக்கிறது — சந்தோஷம்!

"இன்னா புள்ள... மெய்யாலுமே தங்கமா கீது? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே!"

அவள் பார்த்த பார்வையில் அவன் கூட்டத்துக்குள் போய் மறைந்துகொண்டான்.

சரி, படித்தவள் நானாவது சொல்லலாமென்று முன்னால் போனேன். "சார், அது வந்து... பெண்களோட... மாசா மாசம்..." அதற்குள் ரங்கசாமி துள்ளினார்.

"பாத்தீங்களா சார்! மாசா மாசம்னு டீச்சரம்மாவே ஒத்துக்கினாங்க!"

உதவி செய்யப்போய் நானும் கும்பலில் சேர்ந்தேன்.

தோண்டச் சொன்னார் சார்ஜன்ட். ரங்கசாமி மண்வெட்டியோடு பாய்ந்தார். தூரத்திலிருந்து பார்த்தவருக்கு எந்தக் கல்லுக்குக் கீழே என்பது மட்டும் தெரியவில்லை. ஒரு கல்லைப் புரட்டி வெட்டினால் ஒன்றுமில்லை — பொலபொலவென்று கறுப்பு மண். அடுத்த குழியில் மண்புழு. கையை விட்டு அளைந்து பார்த்தார்; அதற்கடுத்ததிலும் அதே கதை. துணியெல்லாம் மக்கிப்போயிருந்தது. அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் கத்தினார்: "காலி பண்ட்டாங்க சார்! முன்னாடியே தெரிஞ்சிகினு எடுத்துட்டாங்க!"

ஒன்றும் இல்லாததே சாட்சியானால் என்ன செய்வது, சொல்லுங்கள்? சார்ஜன்ட் கோவிந்தனைக் கூப்பிட்டு எந்த ஷாஃப்ட், எந்த லெவல் என்று விசாரிக்க ஆரம்பித்தார். முனியம்மாவுக்குப் பொறுமை போனது அப்போதுதான்.

விடுவிடுவென்று வந்து மண்வெட்டியைப் பிடுங்கினாள். காலையில் புதைத்த இடத்தை அவளே வெட்டி, மூட்டையை எடுத்து, ரங்கசாமியின் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"இந்தா, பிரிச்சுப் பாரு. தூரமானா கட்டற துணி! உங்கூட்லயும் பொம்பளைங்க கீறாங்க இல்ல? அவங்க இன்னா பண்றாங்கன்னு போய்க் கேளு!"

ரங்கசாமி வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம் இருப்பவர். மண் அளைந்த தன் கைகளையே யாருடையதோ என்று பார்த்தார். பிறகு இரண்டையும் உடம்பில் படாமல் நீட்டிப் பிடித்தபடி தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினார். அங்கே நின்ற பெண்கள் விடவில்லை. "குடிக்கிற தண்ணி... எட்ட நில்லுங்க!"

சார்ஜன்ட்டுக்கு வீட்டில் நான்கு மகள்கள். முகம் மிளகாய்ப் பழமாகிவிட்டது. தொப்பியைக் கழற்றினார், மாட்டினார். "ஆல்ரைட்... ஆல்ரைட்... எல்லாரும் போங்க," என்று தானே முதலில் கிளம்பினார்.

"நில்லுங்க தொரே," என்றாள் முனியம்மா. "அத்தினி பேரு முன்னாடி எங்கூட்டுக்காரரத் திருடனாட்டம் கேட்டீங்க. அத்தினி பேரு முன்னாடியே இல்லன்னு சொல்ட்டுப் போங்க."

சொன்னார். சத்தமாகவே சொன்னார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"இன்னும் ஒண்ணு. உங்க ஆளு எல்லாக் குழியும் தோண்டிப் போட்டுட்டாரு. நாய் வந்தா யாரு பாத்துக்கறது?"

திங்கட்கிழமையிலிருந்து, சார்ஜன்ட் உத்தரவுப்படி, அந்த இடத்தைச் சுற்றி முள்வேலி. வேலிக்கு வெளியே தடியும் கையுமாக ரங்கசாமி. நாயை விரட்டுகிறார். பெண்கள் வந்தால் மரியாதையாக முதுகைத் திருப்பிக்கொள்கிறார். இப்போது நாங்கள் யாரும் முந்தானைக்குள் எதையும் மறைப்பதில்லை. கையை வீசிக்கொண்டு நடக்கிறோம்.

நேற்று பக்கத்து மாரிகுப்பத்து ஆள் ஒருவர் வேலியைப் பார்த்து நின்றுவிட்டார். "இன்னா நைனா, இத்தினி காவலு? உள்ள தங்கமா?"

ரங்கசாமி குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தங்கம் காணாமப் போனா சார்ஜன்ட்தான் வருவாரு. இதுல ஒண்ணு காணாமப் போனா முனியம்மாக்கா வருவாங்க... எட்டப் போ!"