பெயர் மறைத்த சான்றிதழ்

சங்கம் எதுவானாலும் செயலாளர் வேலை ஒன்றுதான்: எல்லோரும் கூடி முடிவெடுப்பார்கள், இவர் மட்டும் பஸ் ஏறுவார். எங்களுடையது, சின்ன வயதில் வழக்கில் சிக்கிக்கொண்ட பிள்ளைகளுக்காகத் தருமபுரி மாவட்டத்தில் இயங்கும் சங்கம். வக்கீல்கள், ஆலோசகர்கள், ரிட்டயர்டு வாத்தியார்கள்தான் உறுப்பினர்கள். பிள்ளைகளின் பெயரோ முகமோ வெளியே தெரியக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். நல்ல பாடம்தான். அதை நாங்கள் காப்பாற்றிய அழகை, எங்கெங்கோ சங்கங்களில் மாரடிக்கும் சக செயலாளர்களே, நீங்களாவது கேளுங்கள்.

குரூப் போட்டோ

சமீபத்தில் டூவீலர் ரிப்பேர் பயிற்சி நடத்தினோம். தொடக்க விழாவுக்குப் பாலக்கோட்டுத் தக்காளி மண்டிக்காரர் ஒருவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தோம். வெள்ளை வேட்டி, புதுச் செருப்பு என்று ஜம்மென்று வந்தார்.

போட்டோவில் பிள்ளைகளின் முகத்தை மட்டும் மறைத்து வாட்ஸ்அப்பில் போடச் சொன்னேன். எங்கள் பொருளாளர் பச்சையப்பன் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கு வம்பு என்று மேடையில் இருந்த அத்தனை முகங்களையும் மறைத்துவிட்டார். மறுநாள் காலையிலேயே மண்டிக்காரர் போன் செய்தார்.

“பொன்னாடை போர்த்தி மூஞ்சிய மறைச்சிருக்கீங்களே, நான் என்னங்க தப்பு பண்ணேன்?”

கருப்புக் கோடு

பயிற்சியில் முதலாவதாக வந்தவனுக்குப் பத்தொன்பது வயது. இங்கே அவனைத் தம்பி என்றே சொல்கிறேன். மொரப்பூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஆள் தேவை என்று தகவல் வந்தது. இந்த வேலை கிடைத்தால்தான் அவன் பழைய சகவாசத்திலிருந்து தப்பிப்பான். எங்களைவிட அவனுக்கே அது நன்றாகத் தெரியும். சான்றிதழை வாங்கிக்கொண்டு நேராக மொரப்பூருக்கு ஓடினான்.

பச்சையப்பன் சான்றிதழிலும் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தடிமனாக ஒரு கருப்புக் கோடு அடித்திருந்தார். கீழே கையெழுத்துப் போட்ட மகானுபாவன் நான். படித்துப் பார்த்தா போடுகிறோம்? திங்கட்கிழமைக்குள் ஒழுங்கான சான்றிதழ் வராவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பதாக ஒர்க்‌ஷாப்காரர் போனில் சொன்னார். கூடவே இதையும் கேட்டார்.

“இவன்தான் அந்தக் கோடுன்னு நான் எப்படிங்க நம்பறது?”

அவசரக் கூட்டம்

ஞாயிற்றுக்கிழமை செயற்குழுவைக் கூட்டினேன். சான்றிதழில் பெயர் போடலாமா, கூடாதா? எங்கள் தலைவர் ஒரு வக்கீல் அம்மா. அது அவன் கைக்கு மட்டும் போகிற காகிதம், தாராளமாகப் போடலாம் என்றார். பச்சையப்பன் விடவில்லை. முதலெழுத்தை மட்டும் போடலாம் என்றார் ஒருவர். ஏரியூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த உறுப்பினர், வந்ததற்கு ஏதாவது பேச வேண்டுமே என்று, இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகச் சொல்லி உட்கார்ந்தார்.

நாலு மணி நேரம் ஆயிற்று. கடைசியில் பெயர் போடலாம் என்று தீர்மானம் நிறைவேறியபோது, மூன்றாவது முறையாக டீ கொண்டுவந்த கடைக்காரர் தம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“எங்க வூட்டுக் கல்யாணப் பத்திரிகையில பேரு வுட்டுப்போச்சுன்னு எங்க மாமன்கூட இவ்ளோ நேரம் சண்டை போடலீங்க.”

மொரப்பூர்

திங்கட்கிழமை லேமினேட் செய்த புதுச் சான்றிதழோடு பஸ் ஏறினேன். இந்த முறை தலைவரும் பச்சையப்பனும் கூடவே வந்தார்கள். வழியெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான். வேறு ஆளை எடுத்திருந்தால் அந்தப் பையன் முகத்தில் எப்படி விழிப்பது?

போய்ப் பார்த்தால் தம்பி ஒரு பழைய மொபெட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, முழங்கை வரை கிரீஸோடு உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி ஸ்பேனரை எடுத்தான். எனக்குச் சட்டென்று கண் கலங்கிவிட்டது. நான் நீட்டிய சான்றிதழை ஒர்க்‌ஷாப்காரர் வாங்கவேயில்லை.

“சனிக்கெழமையே இவன் திரும்ப வந்துட்டானுங்க. பேரு கேட்டேன், சொன்னான். முன்னாடி எங்க இருந்தேன்னு கேட்டேன், அதையும் மறைக்காமச் சொன்னான். வண்டியக் குடுத்தேன், ஸ்டார்ட் பண்ணிட்டான். இதுக்கு எதுக்குங்க மூணு பேரு?”

ஆண்டறிக்கையில் ‘ஒருவருக்கு வேலை வாங்கித் தந்தோம்’ என்று எழுத எனக்கே கூச்சமாக இருந்ததால், ‘வேலை கிடைத்தவரை நிர்வாகிகள் மூவர் நேரில் சென்று பார்வையிட்டனர்’ என்று எழுதியிருக்கிறேன்.